அரசன் கட்டிய ஏரியும் யானைக் கூட்டமும்

இலங்கைக்குச் செல்லும் பிரயாணிகளுக்கு வழிகாட்டும் நூல்கள், பழைய நகரங்களை ஓர் அத்தியாயத்திலும் வனவிலங்குகளை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துப் பேசுவது வழக்கம். நெய்வேலியில் வாழும் எனக்கு இப்பிரிவினை பொருத்தமாகத் தோன்றவில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே வீராணம் ஏரி கிடக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் எழுந்தது அது. நாரைக்கும் கொக்குக்கும் இரை கிடைக்கட்டும் என்றா அதற்குக் கரை போட்டார்கள்? இல்லை, நெல்லுக்காகப் போட்டார்கள். நாரை தானே வந்து சேர்ந்தது.

மாணவர்களே! இதே செய்தியைப் பெரிய அளவில் காண விரும்பினால், பொலன்னறுவைக்கு அண்மையிலுள்ள மின்னேரியா ஏரியைப் பாருங்கள். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேன மன்னன் கட்டுவித்தது அது. அவனை 'மின்னேரித் தெய்வம்' என்று மக்கள் வணங்கினார்கள் என்றால், நீரின் அருமையை அவர்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பது விளங்கும்.

பொலன்னறுவை நமக்கும் அயலூர் அன்று. பதினோராம் நூற்றாண்டில் சோழர் அதனைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டனர். இராசேந்திரனின் தாயான வானவன் மாதேவியின் பெயர் தாங்கிய சிவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 1070-இல் விசயபாகு சோழரை அகற்றினான். 1153 முதல் 1186 வரை ஆண்ட பராக்கிரமபாகு கடலென ஓர் ஏரியைப் பெருக்கினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் படையெடுப்பால் நகரம் சீர்குலைந்தது. குடிகள் தென்மேற்கே பெயர்ந்தனர். காடு வந்து மூடிக்கொண்டது. பிரிட்டிஷார் ஆட்சியில் மின்னேரியா மீண்டும் செப்பனிடப்பட்டது. 1997-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வயலுக்குப் பாய்ந்து ஏரி நீர் வற்றும். வற்றிய தரையில் இளம்புல் தளிர்க்கும். சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும் அவ்வேளையில், இருநூறு முந்நூறு யானைகள் கன்றுகளோடு அங்கே கூடும். உலகெங்குமிருந்து பிரயாணிகள் வருவது இக்காட்சிக்காகவே. உழவன் நீரை எடுத்தால்தான் யானைக்குப் புல் என்பது இதன் விந்தை.

ஆனால் 2018-இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கிய பின், கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வரலாயிற்று. ஏரி நிறைந்திருந்தால் புல்வெளி நீருள் மூழ்கும். பசித்த யானை வயலை நாடும். மின்னேரியாவில் நீரை எந்த மாதம் எவ்வளவு நிறுத்துவது என்பதில் இப்போது உழவருக்கும், யானைகளைக் காக்க முயல்வோருக்கும், பிரயாணிகளை ஜீப்பில் அழைத்துச் சென்று பிழைப்போருக்கும் பங்கு இருக்கிறது. மகாசேனன் நாளில் உழவர் ஒருவரைக் கேட்டால் போதுமாயிருந்தது.