வைத்திய நூல்கள் மறந்த பூனை

மனிதனை அடுத்து வாழும் விலங்குகளுள் பூனையின் வரலாறு தனித்தன்மை உடையது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் பிடித்துப் பழக்கினான். பூனையோ தானாகவே வந்தது. மேற்காசியாவில் உழவு பெருகிக் களஞ்சியங்கள் நிறைந்தபோது, தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் கிடத்தப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

வன்னியில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த உடையார்கட்டும் குளத்தையும் வயலையும் நம்பிய ஊரேயாகும். நெல் வீடு வந்து சேர்ந்தால் எலியும் வரும். ஆகவே பூனையும் வேண்டும். ஆயினும் அப்பூனை நோயுற்றால் யாரிடம் கேட்பது?

விலங்கு வைத்தியம் செல்வத்தின் வழியே வளர்ந்தது. தமிழில் மாட்டு வாகடங்கள் எழுந்தன. அரசர்க்குரிய யானைக்கும் குதிரைக்கும் தனி நூல்கள் தோன்றின. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் நிறுவப்பட்ட மிருக வைத்தியப் பள்ளியும் குதிரையையும் மாட்டையுமே முதன்மையாகக் கருதியது. விலை மதிப்பில்லாத பூனை நெடுங்காலம் புறத்தே நின்றது. குப்பைமேனியின் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும் என்பதை அறிந்து, அச்செடிக்குப் ‘பூனைவணங்கி’ எனப் பெயரிட்டனர் தமிழர். கூர்ந்து நோக்குதல் இருந்தது, வைத்தியம் வளரவில்லை.

இருபதாம் நூற்றாண்டே அக்குறையைத் தீர்க்கத் தொடங்கியது. குட்டிகளை வாந்தியாலும் கழிச்சலாலும் மாய்க்கும் கொடிய நோய் ஒரு வைரசால் விளைவது என்பது 1928இல் நிறுவப்பட்டது. பின்னர் அதற்குத் தடுப்பூசியும் கிடைத்தது. டோரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இல் தெளிவாயிற்று. அச்சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. எனவே வெறுஞ்சோறு பூனைக்குப் போதாது. மனிதரின் காய்ச்சலைத் தணிக்கும் பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு என்பதும் அறியப்பட்டது. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியதன்று. ஒரு வில்லையே உயிரைப் போக்கக்கூடும்.

பூனையின் நலம் மனிதனின் நலமுமாகும். விசர் நோய்க்கு 1885இல் பாஸ்ச்சர் மனிதருக்குத் தடுப்பூசி ஏற்றினார். இலங்கையில் 1893இலேயே அந்நோய் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. எனினும் 1973இல் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். தடுப்பூசித் திட்டங்களால் அத்தொகை பின்னர் மிகக் குறைந்தது. நோயைப் பெரிதும் பரப்புவது நாய்; பூனையும் பரப்பும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

2009ஆம் ஆண்டு தை மாதத்தில் எறிகணைகளுக்கிடையே உடையார்கட்டு மக்கள் இடம்பெயர்ந்தனர். வீட்டையும் வயலையும் வளர்த்த உயிர்களையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்தோர் வயலை உழுதனர். நெல்லோடு எலியும் திரும்பியது. அந்நெல்லைக் காக்க வளர்க்கும் பூனைக்கு எதை ஊட்டலாம், எப்போது ஊசி ஏற்றலாம் என்று இன்று அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வினவலாம். பசுவுக்காக அங்கு செல்வோர் பூனைக்காகவும் ஒரு வார்த்தை கேட்டு வருதல் நன்று.