பிரிஞ்சி இலை மரம்

பட்டை, கற்பூரம், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, மணமுள்ள இலை தரும் பசுமைமாறா மரம். இப்பெயரில் வழங்குவன இரண்டு. ஒன்று, இமயமலைச் சரிவுகளிலும் மேகாலயத்தின் காசி மலைகளிலும் வளரும் தேஜ்பத்தா. மற்றது மத்தியதரைக்கடல் நாடுகளின் லாரல். தேஜ்பத்தா இலையில் அடியிலிருந்து நுனியை நோக்கி மூன்று நரம்புகள் ஓடும். கசக்கினால் பட்டையும் கிராம்பும் கலந்த வாசம் வரும். லாரல் இலைக்கு நடுநரம்பு ஒன்றே. வாசம் யூகலிப்டஸ் தைலத்தின் பக்கம் சாயும். நம் குருமாவிலும் பிரியாணியிலும் காலங்காலமாக விழுவது மூன்று நரம்பு இலைதான்.

தேஜ்பத்தாவின் வரலாறு கடல் வணிகத்தோடு தொடங்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்’, முசிறியிலும் நெற்குன்றத்திலும் மிளகோடு கப்பலேறிய சரக்குகளில் ‘மலபத்ரம்’ என்ற இலையையும் சொல்கிறது. அது உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கு வந்தது என்றும் குறிக்கிறது. ரோமானியர் அதை வாசனைத் தைலத்திலும் மருந்திலும் சேர்த்தனர். சிப்பிக்கான சீரகக் குழம்பில் இடும்படி அப்பீசியஸ் பெயரிலான சமையல் நூல் கூறுகிறது. இவ்வளவு விரும்பியும் மரத்தை அவர்கள் கண்டதில்லை. இந்தியச் சதுப்புகளில் வேரில்லாமல் நீர்மேல் மிதக்கும் இலை இது என்று கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ் எழுதிவைத்தார். உலர்ந்த சரக்கை மட்டுமே பார்த்தவர்களின் கற்பனை அது. பின்னால் வெற்றிலையோடும் இதைக் குழப்பிக்கொண்டனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

லாரலுக்குக் கிரேக்கத்தில் தனி மதிப்பு இருந்தது. அது அப்போலோ தெய்வத்தின் மரம். டெல்ஃபி போட்டிகளில் வென்றவர் தலையில் அதன் தழையையே சூட்டினர். லின்னேயஸ் 1753இல் அதற்கு ‘லாரஸ் நோபிலிஸ்’ என்று பெயரிட்டார். நம் தேஜ்பத்தாவையும் முதலில் லாரஸ் இனத்திலேயே சேர்த்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800இல் ஈரோடு, கோயம்புத்தூர் வழியே பயணம் செய்து கொங்கு நாட்டின் வேளாண்மையை விரிவாகப் பதிந்தவரும் அவரே. பிற்காலத் தாவரவியலாளர்கள் தேஜ்பத்தாவைப் பட்டை மரத்தின் இனத்துக்கு மாற்றினர். உத்தராகண்டத் தேஜ்பத்தாவுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் சமவெளியில் இரண்டுமே வந்தேறிகள். ஆனாலும் சமவெளிக்குத் தொட்டி லாரல்தான் ஏற்றது என்பேன். சிறிதாகவே இருக்கும், கத்தரித்து அடக்கலாம். கத்திரி வெயில்தான் பெரிய சோதனை. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வைத்து, பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகலில் நிழல்வலை கட்ட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த மண் போதும். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகும். ஆகவே மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தொட்டியில் படிந்து இலை நுனியைக் கருக்கும். மழைநீரைப் பிடித்து ஊற்றுவது நல்லது. செதில்பூச்சி ஒட்டினால் கரும்பூசணம் படரும். வேப்பெண்ணெயைச் சோப்புநீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளிக்க வேண்டும். விதை முளைக்கவும் பதியன் வேர்விடவும் மாதக்கணக்கில் ஆகும். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி என்பதால் ஒற்றைச் செடி காய்க்காது. இலைக்கு அது தடையில்லை.

மரமாக வளர்க்க விரும்புவோர் எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போக வேண்டும். அங்கே 1,000 மீட்டருக்கு மேல் குளிர்ச்சி உண்டு. சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் வளரும் தோட்டங்களில் தேஜ்பத்தாவுக்கும் இடம் கிடைக்கும். பழுத்த விதையை உடனே ஊன்ற வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். காசி மலைகளில் சுமார் பத்தாண்டு ஆன பிறகே இலை பறிக்கத் தொடங்குகிறார்கள். மழை ஓய்ந்த பின், இளமரத்தில் ஆண்டுதோறும், முதிர்ந்து தளர்ந்த மரத்தில் ஓராண்டு விட்டு ஓராண்டு பறிப்பது அங்குள்ள வழக்கம். முற்றிய இலையைக் கிளையோடு ஒடித்து உலர்த்திக் கட்டுவார்கள். வீட்டுத் தொட்டியின் லாரல் இலையை வெயிலில் போடாமல் நிழலில் இரண்டு வாரம் காயவைத்தால் கசப்பு குறைந்து மணம் நிற்கும்.