ஊசியும் மெஷினும்: எங்கள் குழு தையல் மெஷின் வாங்கிய வரலாறு

விழா மலருக்கு "உங்க தையல் குழு வரலாற்றை எழுதிக் குடு அம்மணி" என்று தலைவி அக்கா சொன்னப்போ எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் தீர்மான நோட்டைத் தவிர நான் எதுவும் எழுதினதில்ல. ஆனா ஒரு மெஷின் வாங்குறதுக்கு எங்க குழுவில ஏழு மாசம் சண்டை நடந்துச்சு. அதே மாதிரிச் சண்டை உலகத்துல இருநூறு வருஷமா நடந்திருக்குன்னு எங்க ஊர் நூலகத்துல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால ரெண்டு வரலாற்றையும் சேர்த்தே எழுதுறேன்.

எங்க ஊர் சென்னிமலைப் பக்கம். பெட்ஷீட் நெய்யுற இடத்துல விழுகிற துண்டுத் துணியும், திருப்பூர் பனியன் கம்பெனியில கழிக்கிற கட்பீஸும் எங்களுக்குக் கிலோக் கணக்குல கிடைக்கும். அதை ஒட்டுப் போட்டு, நடுவுல பழைய சேலையை வச்சுப் போர்வை, குழந்தை மெத்தை, மிதியடி, பை எல்லாம் தைக்கிறோம். இது நாங்க கண்டுபிடிச்ச தொழில் இல்லைங்க. எங்க அம்மாயி காலத்துல வீட்டுல பிள்ளை பிறந்தா, நைஞ்ச நூல் சேலையை நாலா மடிச்சுக் கையால நூல் ஓட்டித்தான் படுக்க வைப்பாங்க. மகாராஷ்டிராவில் கோதடி, கர்நாடகாவில் கவுதி, வங்காளத்தில் காந்தா என்று சொல்றதும் இதே வேலைதான். எந்த ஊரா இருந்தாலும் பழசைத் தூக்கி எறிய மனசு வராத பொம்பளைங்க செஞ்ச வேலை.

எங்க குழுவில பெரியம்மா ஒருத்தர் இருக்காங்க. வயசு அறுபதுக்கு மேல. கையாலயே முழுப் போர்வை தைப்பாங்க. தையல் ஒவ்வொண்ணும் அரிசியை வரிசையா அடுக்கின மாதிரி இருக்கும். மெஷின் வாங்கலாம்னு கூட்டத்துல பேச்சு எடுத்த அன்னைக்கு அவங்க, "மெஷின் வந்துட்டா எங்கைக்கு என்ன வேலை? நான் சந்தா மட்டும் கட்டிட்டு உட்கார்ந்திருக்கவா?" என்று கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியல. அன்னைக்குத் தீர்மானம் போடாமலே கூட்டத்தை முடிச்சோம்.

அந்தக் கேள்வி ரொம்பப் பழசு. பிரான்சு நாட்டில் பார்தெலெமி திமோனியே என்கிற தையல்காரர் 1830-ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 80 மெஷின் வச்சுப் பட்டாளத்துக்கு உடுப்பு தைச்சுக் கொடுத்தார். பிழைப்பு போயிடும்னு பயந்த தையல்காரங்க 1831-ல் உள்ளே புகுந்து மெஷினையெல்லாம் உடைச்சுப் போட்டாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் மேல் நூலும் கீழ் நூலும் சிக்கித் தைக்கிற மெஷினைச் செஞ்சார். ஊசியை நம்பி வாழுற பொம்பளைங்க வயித்துல அடிக்கிற மாதிரி ஆயிடும்னு அவர் மகளே தடுத்ததால, அவர் அதுக்குக் காப்புரிமை கேட்காம விட்டுட்டார்னு சொல்வாங்க. 1846-ல் எலியாஸ் ஹோவும், 1851-ல் ஐசக் சிங்கரும் காப்புரிமை வாங்கின பிறகு யாராலயும் தடுக்க முடியல.

நமக்கு இதில் முக்கியமான வருஷம் 1856. அப்போ மெஷின் விலை 100 டாலருக்குப் பக்கம். சாதாரணக் குடும்பத்தால ஒரேயடியா கொடுக்க முடியாது. அதனால கொஞ்சம் முன்பணம், மீதி மாசத் தவணை என்று சிங்கர் கம்பெனி விக்க ஆரம்பிச்சுது. தவணை வந்த பிறகுதான் மெஷின் வீட்டுக்குள்ள வந்துச்சு. காந்தியடிகள் பெரிய யந்திரங்களை எதிர்த்தவர். அவரே 1924-ல், மனுசனுக்குப் பயன்படுற சில கண்டுபிடிப்புகள்ல சிங்கர் மெஷினும் ஒண்ணு என்று சொல்லி அதுக்கு விலக்குக் கொடுத்தார். 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மெஷினை நம்ம நாட்டுலயே செய்ய ஆரம்பிச்சுது. எங்க அம்மாயி வீட்டுத் திண்ணையில இருந்த மிதி மெஷின் உஷாதான். கணவனை இழந்தவங்களுக்கும் ஆதரவு இல்லாதவங்களுக்கும் நம்ம அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர்ல இலவச மெஷின் கொடுக்குறது உங்களுக்குத் தெரியும்.

தவணை மெஷினை வீட்டுக்குள்ள கொண்டு வந்த மாதிரி, நம்ம கையில கடனைக் கொண்டு வந்தது குழு. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பமாச்சு. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செஞ்சுது. அடமானம் வைக்கத் தாலிக்கொடி இல்லாதவளும் மெஷின் வாங்கலாம்னு ஆனது அதனாலதான்.

ஆனா கடன் கிடைச்சா மட்டும் போதாது. எங்க முதல் அனுபவம் அது. 2020-ல் கொரோனா சமயத்துல அம்மாயியோட மிதி மெஷின்லயும் இன்னும் ரெண்டு பழைய மெஷின்லயும் முகக்கவசம் தைச்சோம். அந்தக் காசோட உள்கடனும் சேர்த்து ஒரு புது மெஷின் வாங்கினோம். வெள்ளை வெளேர்னு, பூ டிசைனெல்லாம் போடுறது. பார்த்தவுடனே எல்லாருக்கும் ஆசை. முகக்கவசமும் பையும் நல்லாத்தான் தைச்சுது. அஞ்சு மடிப்புப் போர்வையை வச்சதும் முனக ஆரம்பிச்சுது. மூணாம் மாசம் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சு போச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, "இது வீட்டு உபயோகத்துக்குங்க, தொழிலுக்கு ஓட்டினா வாரன்டி கிடையாது" என்று சொல்லிட்டாங்க. அட்டையில பொடி எழுத்துல அது இருந்துச்சு. நாங்கதான் படிக்கல. ஓடாத மெஷினுக்குப் பதினோரு மாசம் தவணை கட்டினோம். "அதுக்குத்தான் சொன்னேன்" என்று பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எங்களுக்கு ரொம்ப வலிச்சுது.

அடுத்த தடவை ஆசைப்பட்டு வாங்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோம். எங்க வேலையை மூட்டை கட்டிக்கிட்டே கடைக்குப் போனோம். பெட்ஷீட் துண்டு, நடுவுல சேலை, கீழ பனியன் துணி. "இதைத் தைச்சுக் காட்டுங்க" என்று எல்லாக் கடையிலயும் கேட்டோம். பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போனோம். நாங்க மெஷினைப் பார்த்தோம், அவங்க துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தாங்க. கீழ் நூல் தளர்ந்து வளையம் வளையமா தொங்குறதை முதல்ல கண்டுபிடிச்சது அவங்கதான். கெட்டித் துணிக்கு 16, 18 நம்பர் ஊசி மாட்டித்தான் பார்க்கணும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டோம்.

இன்னொண்ணும் புரிஞ்சுது. மெஷினுக்குக் கீழ இருக்கிற பல் அடித்துணியை மட்டும்தான் இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கி நிக்கும். போர்வை கோணலாப் போறது எங்க கைக்குற்றம்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தோம். மேல்துணியையும் சேர்த்து நகர்த்துற ஃபுட் தனியா இருக்கு. அது மாட்ட முடியுமான்னு கேட்டுத்தான் வாங்கணும். அப்புறம் ஊசிக்கும் மெஷினோட கழுத்துக்கும் நடுவுல இருக்கிற இடத்தைப் பார்க்கணும். சுருட்டின போர்வை அதுக்குள்ள போகலைன்னா எவ்வளவு வேகமா ஓடியும் பிரயோஜனம் இல்ல. மோட்டார்ல கிளட்ச் மோட்டார் நாம தைக்காத நேரத்துலயும் ஓடிக்கிட்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதிச்சாத்தான் ஓடும், கரண்ட் மிச்சம், சத்தமும் கம்மி.

கடைசியில பூ டிசைன் எதுவும் இல்லாத, நேர்த்தையல் மட்டும் போடுற ஒரு பவர் மெஷினை சர்வோ மோட்டாரோட, வங்கிக் கடன்ல வாங்கினோம். ரிப்பேர் ஆள் நம்ம பக்கத்து டவுன்லயே இருக்கார்னு பார்த்துட்டுத்தான் பணம் கட்டினோம். அம்மாயியோட மிதி மெஷினையும் விக்கல. கரண்ட் போனா அதுதான் ஓடுது.

பெரியம்மா கேட்ட கேள்விக்கும் அப்போதான் பதில் கிடைச்சுது. ஒட்டுத் துணி இணைக்கிறதும் ஓரம் அடிக்கிறதும் மெஷின் வேலை. நடுவுல நூல் ஓட்டுறது பெரியம்மாவோட வேலை. முழுசா மெஷின்ல தைச்ச போர்வைக்கு ஒரு விலை, கையால நூல் ஓட்டினதுக்கு அதைவிடக் கூடுதல் விலைன்னு தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கூடுதல் காசு கை ஓட்டினவங்களுக்கே. இப்போ ரெண்டு சின்னப் பிள்ளைங்க பெரியம்மாகிட்ட கைத்தையல் கத்துக்கிறாங்க. கடன்ல இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் தவறல.

திமோனியேவோட மெஷினை உடைச்சவங்க கெட்டவங்க இல்லைன்னு எனக்குத் தோணுது. அவங்களை உட்கார வச்சு யாரும் பேசலை, அவ்வளவுதான். நம்மகிட்ட மாசாமாசம் கூட்டம் இருக்கு. அதனால மெஷின் வாங்கப் போற குழுக்களுக்கு நான் சொல்றது இதுதான்: உங்க துணியை எடுத்துட்டுப் போங்க, வாரன்டி அட்டையைப் படிங்க, மெஷின் வேண்டாம்னு சொல்றவங்களையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க.