விடியுமுன் பெரட்டு

ஜாசின் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மா பால்மரம் வெட்டினார். இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, கையில் உளி. நேரத்தை அறிவித்தவர் தோட்டத் துரை. அதைத் துரைக்கு விதித்தது மரத்தின் இலை. பிற்காலத்தில் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் அந்த மரத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். வேர் இழுத்த நீர் மரத்திலேயே தங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். அப்போது கோடு போட்டால் பால் தாராளமாக மங்குக் கிண்ணத்தில் இறங்கும். வெயில் வந்து இலைகள் சர்க்கரை செய்யத் துளைகளைத் திறந்துவிட்டால் நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் மரநிரைக்கு ஓடினார்கள்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எங்கள் மலாக்கா மாநிலத்தில்தான் எழுந்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். தூண்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி. மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டில் திரும்பத் திரும்பச் சீவும் முறையைக் கண்டவரும் அவரே. பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. கங்காணிமார்கள் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள்.

ரிட்லியின் முறையில் மரம் சாகாது, ஆனால் ஓய்வும் கிடையாது. இலை வெயிலைச் சர்க்கரையாகக் கட்டுகிறது. அதில் ஒரு பங்கை மரம் சுவாசத்தில் எரித்து, கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு மீதிச் சர்க்கரையிலிருந்து ரப்பரைப் பின்னுகிறது. ஒரு கிராம் ரப்பரில் ஒரு கிராம் சர்க்கரையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலான ஆற்றல் அடைந்திருக்கிறது. மாவுச்சத்தைத் தேவைப்படும்போது கரைத்து உண்ணும் மரம், ரப்பரை அப்படித் திரும்ப உண்பதில்லை. வெட்டிய இடத்தை மீண்டும் நிரப்ப அது மேலும் சர்க்கரையை எரித்தாக வேண்டும். நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் அதனால் வந்தது. வெட்டுபட்ட மரம் வெட்டுபடாத மரத்தளவு பருப்பதுமில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும். மரம் தன் சேமிப்பைத் துளிருக்குக் கொடுத்துவிடும், பால் குறையும். லயத்து வீடுகளில் அரிசிக்கடன் ஏறும் மாதங்கள் அவை.

அம்மாவின் உடலிலும் இதே கணக்குதான். கறுப்புக் கோப்பி ஒன்றோடு அம்மாவும் மற்ற வெட்டுக்காரர்களும் மலைச்சரிவில் மரம் மரமாக நடந்து வெட்டி, பசியாறியபின் காண்டாவாளியில் பால் சுமந்து ஸ்டோருக்கு வந்தார்கள். அத்தனை அசைவுக்கும் முந்தின இரவின் சோறு அவர்கள் தசைகளில் எரிந்தது. கிராணியின் பேரேட்டில் பாலின் எடை ஏறியது. அவர்கள் செலவழித்ததை எழுத அதில் பத்தி இல்லை. ரப்பரின் வரலாறு எழுதுவோர் அந்தச் செலவையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

பிறகு மலாக்காவின் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. அந்த மரமும் வெயிலைத்தான் எண்ணெயாக்குகிறது. ஆனால் பழுத்த குலையைக் கண்டு வெட்ட வெளிச்சம் வேண்டும்; இருட்டில் நிரைக்குப் போகும் வேலை அங்கெல்லாம் அத்தோடு முடிந்தது.