சிவகிரிச் சாலையில் ஓடிய பிளஷர்

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கார் என்று சொன்னதில்லை. பிளஷர் என்பார்கள். பாரம் ஏற்றும் லாரியிலிருந்தும் ஆள் ஏற்றும் பஸ்ஸிலிருந்தும் பிரித்துச் சொல்ல வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயர் அது. ஆனால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்முன் வந்தது ஒரே உருவம்தான்: நீண்ட மூக்கு, பருத்த மட்கார்டு, ஆறேழு பேரை விழுங்கும் வயிறு. பிளைமவுத், டாட்ஜ், செவர்லே, ஃபோர்டு, டிசோட்டோ என்று கம்பெனிப் பெயர் எதுவானாலும் ஊருக்கு அது பிளஷர். இன்று ராஜபாளையத்திலிருந்து தென்காசி வரை போய் வந்தாலும் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

பிறந்தது அமெரிக்காவில் என்றாலும் பூட்டப்பட்டது பெரும்பாலும் இங்கேதான். 1926-இல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. சென்னையிலும் அதற்குக் கிளை இருந்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் ஆலை போட்டு, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டிச் செவர்லேயாக்கி விற்றது. சுதந்திரத்தை ஒட்டி வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆலை குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ மூன்றையும் பூட்டியது. வாங்கியவர்கள் ஜமீன்தார்கள், பஞ்சாலை முதலாளிகள், பெரிய வக்கீல்கள், சினிமாக்காரர்கள். எம்.ஆர். ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றிய கதையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் குறைவு.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிவகிரி, சேத்தூர், ஊத்துமலை என்று மலையடிவாரம் நெடுக ஜமீன்கள் இருந்த பூமி இது. வரி வரவு நின்றபின் பெட்ரோல் குடிக்கும் வண்டியை எத்தனை நாள் நிறுத்தி வைத்திருக்க முடியும்? பெரிய வீட்டு கார் செட்டுகளிலிருந்து பிளஷர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, வாடகைக்கு ஓட. என்னைக் கேட்டால் பிளஷர் உண்மையில் பிறந்தது அன்றைக்குத்தான். அதுவரை அது நாலு பேரின் சொத்து. அதற்குப் பிறகு ஊர் வண்டி.

ஊர் வண்டியாக இருக்கத் தெம்பும் இருந்தது. 1949 பிளைமவுத்தின் இஞ்சின் மூன்றரை லிட்டருக்கு மேல், 97 குதிரைசக்தி. பிறகு வந்த அம்பாசடருக்கு ஒன்றரை லிட்டர்தான். கப்பி பெயர்ந்த ரோட்டிலும் கண்மாய்க் கரையிலும் வயிறு தட்டாமல் போகும் உயரம். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் முன்சீட்டிலும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் ஊரில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

பிரசவ வலி கண்டால் நள்ளிரவில் எழுப்பியது பிளஷர்க்காரரைத்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அதில்தான் போனோம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும், மாலை போட்ட சாமிகளை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு மலைப்பாதை வழியாகச் சபரிமலைக்கும் அதுதான் போனது. பட்டணப் பிரவேசத்துக்கு முழுக்கப் பூ சுற்றி, மாப்பிள்ளையை உட்கார வைத்து, நாகஸ்வரத்தின் நடைக்கு ஈடாக நகர வேண்டும். அந்த மெதுவான ஓட்டத்தில் இஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் டிரைவருக்குப் பரீட்சை. மதுரை ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களைக் கடைசியாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதன் பின்சீட்டுதான்.

பிறகு இரண்டு அடி விழுந்தது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று 1953-இல் அரசு முடிவெடுக்க, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்த ஆண்டுக்குள் போய்விட்டன. உதிரிபாகம் அரிதானது. அடுத்தது 1973. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையில் கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறியது. பெட்ரோல் பிளஷரை வாடகைக்கு ஓட்டினால் கூலிகூட மிஞ்சாது.

அங்கேயே அதன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவர்கள் பட்டறைக்காரர்கள். பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சினை ஏற்றினார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் போன்றவை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. சொல்ல எளிது, செய்வது அப்படியல்ல. டீசல் இஞ்சினும் டாட்ஜ் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று கண்டறியாதவை. இரண்டுக்கும் நடுவே லேத்தில் ஒரு தகடு கடைய வேண்டும். நூலளவு மையம் தவறினாலும் கிளட்ச் சில நாளில் எரிந்துபோகும். கனம் கூடியதால் முன்பக்கம் மூக்கைக் குத்தும்; சுருள் ஸ்பிரிங்குக்கு அடியில் பட்டை வைத்துத் தூக்க வேண்டும். இஞ்சின் தாங்கிகளைச் சட்டத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஆறு வோல்ட் வயரிங் முழுவதையும் பன்னிரண்டுக்கு மாற்ற வேண்டும். இத்தனையும் வரைபடம் இல்லாமல், கண்ணளவிலும் கையளவிலும் நடந்தது. பிளைமவுத்திலும் டாட்ஜிலும் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு எதிர்மரை என்பதைப் புதுக் கிளீனர்கள் ஒன்றிரண்டை முறித்த பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

குடிப்பதை மாற்றிக்கொள்வது இந்த வண்டிகளுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலம் செய்து கொடுத்தது. அடுப்புக்கரியில் மோட்டார் ஓடிய காலம் அது. ஆனால் டீசலுக்கு மாற்றியவர்கள் பெயரில்லாத மேஸ்திரிகள். கதவு அதிர, கண்ணாடி அதிர, புகை கக்கிக்கொண்டு பிளஷர் இன்னும் பல ஆண்டுகள் ஓடியது. அந்தச் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே யாருடைய வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவோம்.

1980-களில் அம்பாசடரே டீசலில் வந்தது. 1984-இல் மாருதி வேன் வந்தது. கல்யாண வீட்டாருக்கும் பளபளப்பு வேண்டியிருந்தது. பிளஷர்கள் வேப்பமர நிழலில் நின்றன. கோழிகள் உள்ளே முட்டையிட்டன. பிறகு எடைக்குப் போயின. காயலான் கடை என்ற சொல்லே நம் கடற்கரைக் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். அந்தக் கடைத் தராசில் பிளைமவுத்துக்கும் ஓட்டை அண்டாவுக்கும் கிலோவுக்கு ஒரே விலை.

இப்போது தேடுகிறார்கள். சென்னை, கோவை, பெங்களூர்ச் சேகரிப்பாளர்களுக்குத் துருப்பிடித்த கூடு கிடைத்தாலும் போதும். அப்படியே வாங்கிப் புதுப்பிக்கக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் நடத்தும் கார் அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து வண்டி அவர்கள் கைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கழற்றி எறியப்படுவது அந்த டீசல் இஞ்சின்தான். மேஸ்திரி கடைந்த தகடு குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவிலிருந்து பாகம் வரவழைத்து, டெட்ராய்ட்டிலிருந்து நேற்று இறங்கியதுபோல ஆக்கிவிடுகிறார்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு பாரம்பரிய எண் கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஊருக்காக உழைத்து, உழைப்பதற்காகவே இஞ்சினை மாற்றிக்கொண்ட வண்டிக்கு அந்தக் கௌரவம் இல்லை. வெயில் படாமல் கார் செட்டில் தூங்கிய வண்டிக்கு உண்டு. இது நியாயமே அல்ல.

கியூபாவைப் பாருங்கள். புரட்சிக்குப் பின் அமெரிக்க வண்டி வரத்து நின்றுபோன நாடு அது. அங்கேயும் பழைய செவர்லேக்களில் கிடைத்த டீசல் இஞ்சினைப் பொருத்தித்தான் ஓட்டினார்கள். ஹவானாத் தெருக்களில் அவை இன்றும் ஷேர் டாக்சியாக ஓடுகின்றன. பெரிய வாதுமைக்கொட்டை என்று பொருள்படச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். உலகமே போய்ப் படம் எடுக்கிறது. அதே வேலையைச் செய்த நம் மேஸ்திரிகளை நாம் எழுதிக்கூட வைக்கவில்லை.

மலையடிவாரத்தில் எங்காவது ஒரு தோட்டத்தில், ஒரு பழைய மில் வளாகத்தில் டீசல் இஞ்சினோடு ஒரு பிளஷர் இன்னும் மிச்சமிருக்கலாம். உங்களிடம் இருந்தால் விற்பது உங்கள் உரிமை. விற்பதற்கு முன் பானெட்டைத் திறந்து படம் எடுத்து வையுங்கள். அந்த இஞ்சினை ஏற்றிய பட்டறை எது, மேஸ்திரி யார், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவரே, அந்த இஞ்சினை இறக்காதீர்கள். இறக்கியே தீரவேண்டும் என்றால், அதையும் அந்தத் தகட்டையும் காயலான் கடைக்குப் போடாமல் வண்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.