டில்லிப் பேச்சும் பாடநூல் மொழியும்: மீர் அம்மன் முதல் கர்கந்தார் வரை

ஆங்கிலம் பயிலும் மாணவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் விதி ஒன்று உண்டு: பேசும்போது ‘டோன்ட்’ என்னலாம், கட்டுரையில் ‘டூ நாட்’ என்றே எழுத வேண்டும். 1710இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ‘டாட்லர்’ இதழில் இத்தகைய சுருங்கிய வடிவங்களைக் கண்டித்து எழுதினார். மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வடிவங்கள் முறைசார் எழுத்தின் வாசலில்தான் நிற்கின்றன. இது மொழியின் இயல்பிலேயே அமைந்த எல்லை என்று மாணவர் எண்ணிக்கொள்கிறார். டில்லி நகரத்து மொழியின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பேச்சு வடிவம் எழுத்துக்குள் நுழைய அனுமதி பெறுவது அதன் ஒலியைப் பொறுத்ததன்று. அது யார் வாயிலிருந்து வந்தது, யார் அதைக் கற்க வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தது.

இந்தி, உருது இரண்டிலும் ‘அப்’ என்றால் இப்போது. ‘ஹீ’ என்பது தமிழின் தேற்ற ஏகாரம் போன்றது. இரண்டும் பேச்சில் ஒட்டிச் சுருங்கி ‘அபி’ ஆயின. ‘கபி’, ‘சபி’, ‘இஸீ’ ஆகியனவும் இவ்வாறே பிறந்தவை. இவை இன்று அரசாணையிலும் ஆய்வேட்டிலும் தடையின்றி வருகின்றன. ஆனால் ‘மேல்’ என்னும் பொருள் தரும் ‘பர்’ என்பதன் குறுகிய வடிவமான ‘பே’ கவிதையில் இடம்பெற்றும், உரைநடைப் பாடத்தில் பேச்சு வழக்காகவே நிற்கிறது.

இந்த எல்லைக்கோடு வரையப்பட்ட காலங்களுள் முக்கியமானது 1800ஐ ஒட்டிய ஆண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்க 1800இல் வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். இந்துஸ்தானிப் பேராசிரியர் ஜான் கில்கிறிஸ்டுக்கு உடனே எழுந்த சிக்கல், கற்பிக்கத்தக்க உரைநடை நூல் இல்லாமை. கவிதை மிகுதியாக இருந்தது. நிர்வாகம் பாரசீகத்தில் நடந்தது. இருந்த சில உரைநடை நூல்களோ பேச்சிலிருந்து வெகுதொலைவில் நின்றன. நான்கு தர்வேசுகளின் கதையைத் தஹ்சீன் ஏற்கெனவே ‘நௌ தர்ஸ்-ஏ-முரஸ்ஸா’ என்ற பெயரில் உருதுவில் எழுதியிருந்தார். அடுக்குமொழியும் பாரசீகத் தொடர்களும் நிறைந்த அந்நூலைப் படித்து முடித்த அதிகாரி ஒருவரால் கடைவீதியில் ஒரு வாக்கியம்கூடப் பேச இயலாது.

அதே கதையை மீண்டும் எழுதும் பணி மீர் அம்மனிடம் வந்தது. அவர் டில்லியில் பிறந்தவர். அகமது ஷா அப்தாலியின் படையெடுப்பிலும் சூரஜ்மல் ஜாட்டின் ஆதிக்கத்திலும் சொத்தை இழந்து, பாட்னா வழியாகக் கல்கத்தாவை அடைந்தவர். இந்துக்களும் முஸ்லிம்களும், ஆண்களும் பெண்களும், சிறுவரும் பெரியோரும் தமக்குள் உரையாடும் மொழியிலேயே எழுதும்படி கில்கிறிஸ்ட் பணித்ததாக நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். அவ்வாறு உருவான ‘பாக்-ஓ-பஹார்’ என்னும் தலைப்பின் எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி 1217 கிடைக்கும். அது 1802–03க்கு இணையானது.

அயலார் மொழி கற்பதற்காக எழுதப்பட்ட நூலே உருது உரைநடைக்கு முன்மாதிரியானது இவ்வரலாற்றின் வியப்பான திருப்பம். பல பத்தாண்டுகள் ஆங்கிலேய அதிகாரிகளின் தேர்வுகளுக்கு அது பாடநூலாக இருந்தது. 1813இலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. எதிர்ப்பு இல்லாமலில்லை. லக்னோவின் ரஜப் அலி பேக் சுரூர், ‘ஃபசானா-ஏ-அஜாயிப்’ நூலில் மீர் அம்மனின் டில்லி நடையை எள்ளி நகையாடினார். காலம் மீர் அம்மன் பக்கமே நின்றது. கடிதத்தை உரையாடலாக மாற்றிவிட்டதாகப் பெருமை கொண்ட காலிப்பின் உருதுக் கடிதங்கள் 1868, 1869ஆம் ஆண்டுகளில் தொகுப்புகளாக வெளிவந்தபோது பேச்சுநடை இலக்கியத் தகுதி பெற்றுவிட்டது.

எனினும் ‘டில்லிப் பேச்சு’ என்பது எந்தப் பேச்சு? 1808இல் ‘தரியா-ஏ-லதாஃபத்’ என்னும் இலக்கண நூலைப் பாரசீகத்தில் எழுதிய இன்ஷா அல்லா கான் இதற்குத் தெளிவாக விடை கூறினார். டில்லியில் வாழ்பவர் அனைவரின் மொழியும் தரமொழி ஆகாது. குறிப்பிட்ட சில பகுதிகளில் வாழும் குறிப்பிட்ட சிலரின் பேச்சே அத்தகுதி உடையது. நகரின் பல்வேறு குழுவினர் பேசும் முறைகளுக்கு அவர் மாதிரிகள் தருகிறார். ஆயினும் அவற்றைச் சமமாக வைக்கவில்லை. பேச்சை எழுத்தின் அளவுகோலாக ஏற்ற அதே காலத்தில், பேசுவோருக்குள் தரவரிசையும் வகுக்கப்பட்டது.

அவ்வரிசையைக் கலைத்துப் பார்த்தவர்களுள் எஸ். டபிள்யூ. ஃபாலன் ஒருவர். பீகாரில் பள்ளி ஆய்வாளராக இருந்த அவர், 1879இல் வெளியான இந்துஸ்தானி–ஆங்கில அகராதியில் பழமொழிகளையும் நாட்டார் பாடல்களையும் அன்றாடப் பேச்சையும் மேற்கோள்களாக்கினார். கல்விமான்களின் மொழியைவிடப் பெண்களின் பேச்சில் மொழியின் தூய்மை காக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. டில்லியைச் சேர்ந்த லாலா ஃபகீர் சந்தும் சையது அகமது தெஹல்வியும் அப்பணியில் துணைநின்றனர். பின்னவர் ‘ஃபர்ஹங்-ஏ-ஆசஃபியா’ என்னும் பேரகராதியைப் படைத்தார்.

இருந்தும் பழைய டில்லியின் கைவினைஞர்களான கர்கந்தார்களின் பேச்சு பாடநூலுக்குள் வரவேயில்லை. கோபி சந்த் நாரங் 1961இல் வெளியிட்ட ஆய்வு அதனை மொழியியல் நோக்கில் விவரித்தது. தரமொழியில் ‘ரஹா ஹை’ என வருவதைப் பழைய டில்லித் தெருக்களில் ‘ரியா ஹை’ என்பர். இடையிலுள்ள ஹகரம் மறைந்துவிடுகிறது. தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது ‘வந்துக்கிட்டிருக்கேன்’ ஆவதோடு இதனை ஒப்பிடலாம். இரண்டும் நிகழ்தொடர் வினையில் பேச்சு விளைவித்த தேய்வுகளே. ஆனால் ‘ரியா’ இன்றும் நகைச்சுவைக் காட்சிகளுக்குரிய சொல்லாகவே கருதப்படுகிறது.

தமிழில் இச்சிக்கல் வேறு வழியில் எதிர்கொள்ளப்பட்டது. வீரமாமுனிவர் மறைப்பணியாளர்களுக்காகக் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1728இல் எழுதப்பெற்று 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மீர் அம்மன் பேச்சையே எழுத்தாக்கினார். வீரமாமுனிவர் இரண்டையும் தனித்தனி நூல்களாக்கி, கற்பவர் இரண்டையும் அறிய வேண்டும் என்றார். முதல் வழி ஒரு வட்டாரத்தின், ஒரு வகுப்பின் பேச்சை உயர்த்திப் பிறவற்றை மறைத்தது. இரண்டாவது வழி எழுத்துமொழியைத் தொடவில்லை; பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்பதை ஏற்றது.

மொழி கற்பிப்போர் இவ்விரு வழிகளின் விலையையும் அறிந்திருத்தல் நலம். எழுத்து வடிவத்தை மட்டும் கற்ற மாணவர் தெருவில் தடுமாறுகிறார். பேச்சு வடிவத்தை மட்டும் அறிந்தவர் தேர்வில் மதிப்பெண் இழக்கிறார். சுருங்கிய வடிவத்தைப் ‘பிழை’ என்று கூறுவதைவிட, அது எங்கே வழங்கும், எங்கே வழங்காது, அந்த எல்லையை யார் வகுத்தனர் என்று விளக்குவது உண்மைக்கு நெருக்கமானது. டில்லியில் ஒரு மாணவரின் விடைத்தாளில் ‘அபி’ என்றிருந்தால் ஆசிரியர் கடந்துசெல்வார். ‘ரியா’ என்றிருந்தால் சிவப்பு மையால் அடிப்பார். இரண்டும் பேச்சில் பிறந்தவை. ஒன்றுக்கு மட்டுமே பாடநூலில் இடம் கிடைத்தது.