மகுடம் காத்த விரைவாட்டம்

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே உங்கள் நினைவுக்கு வரும். பல்லாண்டு வகுப்பறையில் வரலாறு கற்பித்த நான், 64 கட்டங்களுக்குள் நிகழ்ந்த ஒரு போரையும் அவ்வரிசையில் வைத்தே எண்ணுகிறேன்.

2012 மே மாதம் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் உலகச் சதுரங்க மகுடத்துக்காக இருவர் எதிரெதிரே அமர்ந்தனர். ஒருவர் மகுடத்தைத் தாங்கியிருந்த நம் விசுவநாதன் ஆனந்த்; மற்றவர் இஸ்ரேல் நாட்டுப் போரிஸ் கெல்ஃபாண்ட். பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்தும் இருவரும் ஆறு ஆறு புள்ளிகளே பெற்றனர். ஆகவே மே 30 ஆம் நாள் நான்கு விரைவாட்டங்கள் நடத்தப்பட்டன. ஒருவருக்கு 25 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலும் 10 விநாடி. அவ்வளவே அவகாசம்.

முதலாட்டம் சமனாயிற்று. இரண்டாவதில் ஆனந்துக்கு வெள்ளைக்காய். கெல்ஃபாண்ட் சிசிலியன் தற்காப்பை மேற்கொண்டார். ஆனந்தோ மூன்றாம் நகர்த்தலிலேயே மந்திரியை முன்செலுத்திக் கறுப்புக் குதிரையை எதிர்கொண்டார். இதற்கு ரொசோலிமோ தாக்குதல் என்று பெயர். கீவ் நகரில் 1910 இல் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, பின்னர் நியூயார்க்கில் வாடகைக் கார் ஓட்டியும் சதுரங்கக் கூடம் நடத்தியும் பிழைத்த நிக்கொலாஸ் ரொசோலிமோவின் பெயரே அது. வேண்டும்போது மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டலாம். அப்போது கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்று வலுவிழக்கும். எதிரி நெடுநாள் ஆராய்ந்து வைத்த வழிகளுக்குள் புகாமலும் தப்பலாம். இதுவே அத்தொடக்கத்தின் உட்கருத்து. அப்போட்டியின் பத்தாம், பன்னிரண்டாம் ஆட்டங்களிலும் ஆனந்த் இவ்வழியையே கையாண்டிருந்தார்.

ஆயினும், தொடக்கம் மட்டும் வெற்றி தந்துவிடவில்லை. ஆட்டம் நெடிது நீண்டது, காய்கள் குறைந்தன, கடிகாரமோ இரக்கமின்றி ஓடியது. 77 ஆம் நகர்த்தலில்தான் ஆனந்த் வென்றார். எஞ்சிய இரண்டும் சமனாக, இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் மகுடம் அவரிடமே தங்கியது. நான்கு ஆட்டங்களில் வெற்றி தோல்வி கண்டது அது ஒன்றே! மறு ஆண்டு, 2013 இல், சென்னையிலேயே அம்மகுடம் மாக்னஸ் கார்ல்சனிடம் சென்றது என்பதும் வரலாறே.

இளைஞர்களே, முதற் சில நகர்த்தல்களை முன்னோர் நமக்குக் கற்றுத் தருகின்றனர். அவற்றைப் பழுதறக் கற்பது நம் கடமை. ஆனால் ஏடு முடியும் இடத்தில்தான் நம் சொந்த அறிவுக்கும் பொறுமைக்கும் தேர்வு தொடங்குகிறது.